தொட்டாச்சிணுங்கியிடம் சொல்லாத சேதி

மின்விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கடைசி அறை அவருடையது. எந்த மோட்டாராக இருந்தாலும் பெட்டிக்குள் போவதற்கு முன் அந்த அறைக்குள் போய்விட்டுத்தான் வர வேண்டும். நாலு சுவரிலும் கனத்த பஞ்சு ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் வெளியே சம்மட்டியால் அடித்தாலும் உள்ளே கேட்காது. ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு கொக்கி, கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சுவிட்ச், மேசைமேல் பச்சையில் ஒரு கட்டுச் சீட்டு, சிவப்பில் ஒரு கட்டுச் சீட்டு. மோட்டாரைக் கொக்கியில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் பதினைந்து எண்ணுவார். சரியாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்புச் சீட்டில் பென்சிலால் காரணமும் எழுதுவார்: 'பேரிங்கில் தூசி', 'கம்பிச்சுருள் தளர்ந்திருக்கிறது', 'ரோட்டர் உரசுகிறது'. பிரித்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை அவர் எழுதியதுதான் இருக்கும். பத்தாவது தடவை பிரித்துப் பார்த்தவருக்குக் கண் சரியில்லை என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அதனால் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே காதுக்காரர்.

வீட்டுப்பக்கம் அவருக்கு வேறு பெயர். தொட்டாச்சிணுங்கி. அதை வைத்தவர்கள் அவருடைய அண்ணன்மார் மூன்று பேர். பலூன் வெடித்தால் அழுவான், பக்கத்து வீட்டுக்காரன் தன் பிள்ளையை அடித்தால் இவன் அழுவான், வாத்தியார் பக்கத்து பெஞ்சுக்காரனைத் திட்டினால் இவனுக்குச் சாயங்காலம் காய்ச்சல் வரும். பிறகு என்ன பெயர் வைப்பார்கள்? சின்ன வயதில் வைத்த பெயர் மீசை முளைத்த பிறகும் விடவில்லை. இந்தக் கதை நடந்தபோது ஆளுக்கு நாற்பத்தாறு வயது, காதோரம் நரைத்துவிட்டது, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது ஒருத்தர், 'தொட்டாச்சிணுங்கி வந்தாச்சா?' என்று கேட்காமல் இருப்பதில்லை.

இது நோய் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். காது, நரம்பு, ரத்தம் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, ஆள் இப்படித்தான், போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சட்டைக் காலருக்குள் இருக்கிற துணிச்சீட்டை வெட்டி எடுக்காமல் அவரால் சட்டை போட முடியாது. டியூப் லைட் லேசாகத் துடித்தால் மற்றவர்கள் கவனிப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே அவருக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிடும். யாராவது ஒரு கடுஞ்சொல் சொன்னால் சொன்னவன் மறந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பான். இவர் மட்டும் அதை ஒரு வாரம் தோளில் போட்டுக்கொண்டு அலைவார். அதே போல, மாடிப்படியில் வரும் காலடியை வைத்தே மகள் கணக்குப் பரீட்சையை எப்படி எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். இது வரமா சாபமா என்று மேடை போட்டுப் பேச இங்கே நேரமில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை வரம், மற்ற நேரமெல்லாம் சிரமம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். எந்தச் சத்தமாக இருந்தாலும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். "மிக்ஸி போடப் போறேங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பார். இவர் எழுந்து பால்கனிக்குப் போவார். "ஆணி அடிக்கப் போறேன்ப்பா!" என்பாள் மகள். இவர் தலையணையை எடுத்துக் காதோடு வைத்துக்கொள்வார். மகளுக்குப் பதினாறு வயது, வாய் கொஞ்சம் நீளம். சில நாள் வேண்டுமென்றே, "அப்பா, தும்மப் போறேன்!" என்று அறிவித்துவிட்டுத் தும்முவாள். வாசல் மணியைக் கல்யாணமான மறு மாதமே கழற்றிவிட்டார்கள். கெட்ட செய்தியும் இந்த முறைப்படிதான் வரும். "ஒரு விஷயம் சொல்லப் போறேன், உக்காருங்க," என்று மனைவி ஆரம்பிப்பார். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலையை ஆட்டிய பிறகுதான் சேதி வெளியே வரும்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி சட்டத்தை வளைத்துப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. எதையும் மெதுவாகத் தொடுகிற கை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, டம்ளரைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாளே, அதற்காகவே இவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று காதுக்காரர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவில் தப்பில்லை. தப்பெல்லாம் பிறகு வந்தது.

அந்த வருஷம் ஒரு மாதமாக வீடு சரியில்லை. மற்றவனாக இருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டது, எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். ஆனால் காதுக்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பதினெட்டு வருஷமாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் மனைவி வலது பக்கம் திரும்பிப் படுத்தார். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: எந்தத் துணியை எதோடு துவைக்க வேண்டும், தண்ணீர் வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும், பால்காரர் போன் நம்பர் என்ன என்று மனைவியின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. எடுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசும் மகள், "சரிப்பா," "ஆகட்டும்ப்பா" என்று அடக்கி வாசித்தாள். அதுதான் அவருக்கு விநோதமாகப் பட்டது. அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த பெட்டி ஒரு நாள் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். கனத்தது. திறக்கவில்லை. அடுத்தவர் பெட்டியைத் திறக்கிற ஆள் அவர் இல்லை.

இதற்கு மேல் மச்சான் வேறு. மனைவிக்கு அண்ணன், டயர் கடை வைத்திருப்பவர். மனுஷனுக்கு நெஞ்சு முழுக்கப் பாசம், தொண்டை முழுக்க இடி. மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர், வாரத்துக்கு மூன்று தடவை வேலை நாளிலேயே வந்தார். வந்தால் அண்ணனும் தங்கையும் சமையலறையில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். டயர் கடைக்காரர் குசுகுசுப்பது என்றால் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவு சத்தம். "அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே," என்று ஒரு நாள் அவர் குசுகுசுத்தது பால்கனியில் நின்ற காதுக்காரருக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

கேட்ட பிறகு உள்ளே போய், "என்ன சங்கதி?" என்று கேட்டிருக்கலாம். நீங்களும் நானும் கேட்டிருப்போம். அவர் கேட்கவில்லை. முன்கூட்டி அறிவிக்கிற வீட்டில் அறிவிக்காத ஒரு விஷயம் இருக்கிறது என்றால், அது அவரைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். பெட்டி, காகிதம், அண்ணன் வருகை, திரும்பிப் படுக்கிற முதுகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். மனைவி தன்னை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அதில் அவருக்கு மனைவிமேல் கோபம்கூட வரவில்லை. பதினெட்டு வருஷமாக டம்ளரைக்கூட மெதுவாக வைத்து வாழ்ந்தவள் அலுத்துப் போயிருப்பாள், யாராக இருந்தாலும் அலுத்துத்தான் போவார்கள் என்று நியாயம் வேறு பேசிக்கொண்டார். ஆனால் நியாயம் பேசிவிட்டால் வலிக்காதா என்ன? அவருக்கு வலித்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேலையிலும் அது தெரிந்தது. சாதாரணமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு சிவப்புச் சீட்டு போகும். ஒரு செவ்வாய்க்கிழமை அறுபத்தொன்று போனது. சூப்பர்வைசர் பஞ்சறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், இன்னிக்கு எல்லா ஃபேனுக்கும் ஒரே நேரத்துல உடம்பு சரியில்லையா? பதினஞ்சு மோட்டார் பிரிச்சுட்டோம். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல."

"எல்லாத்துலயும் ஏதோ ஒளிஞ்சிருக்கிற மாதிரியே கேக்குது சார்," என்றார் காதுக்காரர்.

சூப்பர்வைசர் அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் இருந்தால் இன்னும் கேட்கும் என்று காதுக்காரர் லீவு வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. அவரைப் போன்ற ஒருத்தருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். மனைவி அலுத்துப் போனது தன் காதால்தானே, அந்தக் காதைப் பழக்கிவிட்டால் போகாமல் இருப்பாள் அல்லவா என்று கணக்குப் போட்டார். தினமும் வேலை முடிந்ததும் நேராகப் பெரிய பேருந்து நிலையத்துக்குப் போய், நடு மேடையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாரன், ஒலிபெருக்கி, பிரேக் கிறீச்சிடும் சத்தம், டீசல் புகை, வியர்வை, நாலு பக்கமும் இடிக்கிற கூட்டம். முதல் நாள் ஆறு நிமிடம் தாங்கினார். பிறகு கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். இரண்டாம் நாள் ஒன்பது நிமிடம். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, தொழிற்சாலைப் பழக்கப்படி தேதி போட்டு, நேரம் போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதினார்: 'தலைவலி', 'கை நடுக்கம்', 'பரவாயில்லை'.

ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்த பழச்சாறுக் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"சார், தினம் வர்றீங்க. ஒரு பஸ்லயும் ஏற மாட்டேங்கறீங்க. யாராவது வரணுமா?"

"இல்லீங்க. பழகிக்கிட்டிருக்கேன்."

"எதைங்க?"

"சத்தத்தை."

கடைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்து உள்பக்கமாக வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் நாற்பத்து மூன்று நிமிடம் வரை வந்துவிட்டார். காது பழகிவிட்டதா என்றால் இல்லை. அதே சத்தம் அதே இடத்தில் அப்படியே குத்தியது. நிற்பதற்குத்தான் பழகியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்து நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் பல் குத்திக்கொண்டிருந்தார். மனைவி ஒரு மாதிரியாகத் தொண்டையைச் செருமி, "புதன்கிழமையிலேர்ந்து ஒரு நாலு நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேங்க. அண்ணிக்குக் கொஞ்சம் ஒத்தாசையா," என்றார். மச்சான் கூரையைப் பார்த்தார். மகள் தட்டைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் பொய் சொல்லி வழக்கமில்லை.

காதுக்காரர் எழுந்து போய்ச் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். மனைவிக்கு முன்னால் பிரித்து வைத்தார்.

"என்னங்க இது?"

"படிச்சுப் பாரு. முதல் நாள் ஆறு நிமிஷம். நேத்து நாப்பத்து மூணு. பஸ் ஸ்டாண்டுல, நட்ட நடுவுல நின்னேன். இனிமே நீ மிக்ஸி போடணும்னா சொல்ல வேண்டாம். சும்மா போடு. பாத்திரத்தைக் கீழ போடு. பாப்பா பாட்டு வெச்சுக்கட்டும். நீ போறதா முடிவு பண்ணியிருந்தா நான் தடுக்கல. ஆனா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ."

மனைவி நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். 'வாந்தி' என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. மகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்ளே, அவ எங்க போறான்னு நெனச்சீங்க?" என்றார் மச்சான்.

"உங்க வீட்டுக்கு. ஒரேயடியா. பெட்டிகூடக் கட்டியாச்சே மச்சான், எனக்குத் தெரியாதா?"

"அட ராமா! அவ ஆஸ்பத்திரிக்குப் போறாய்யா! புதன்கிழமை ஆபரேஷன்!" என்று கத்திவிட்டு மச்சான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோசனம்? மாடிவீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி. ஒரு மாதத்துக்கு முன்னால் தெரிந்தது. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்திருந்தது. படிக்கிறவர்களைக் கடைசி வரைக்கும் நகம் கடிக்க வைக்கிற புத்தி நமக்கு இல்லை, இப்போதே சொல்லிவிடுவோம். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் அதே கடையில் கண்ணாடிச் சட்டம் வளைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் தெரியாது.

புருஷனிடம் மட்டும் ஏன் மறைத்தார்கள்? அதற்கும் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மகளுக்குக் கட்டுப் போட்டு ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்பைச் சேர்க்கிற சத்தத்தையும் மகள் அலறலையும் கேட்டு மயங்கி விழுந்த காதுக்காரரைத்தான் மறுநாள் காலை வரை படுக்கையில் வைத்திருந்தார்கள். இந்தக் கதையை மச்சான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சொல்லும்போது அவரே முதலில் சிரிப்பார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மகள் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை அப்பாவுக்குப் பின்னால் நகர்த்தினாள். மச்சான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராக நின்றார். மனைவி தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் அவர் விழுவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் விழவில்லை. அழுதார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"எவ்வளவு பெரிசு?"

"சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் பெரிசுன்னு சொன்னாங்க."

"முழுசா எடுப்பாங்களா, கட்டியை மட்டுமா?"

"கட்டியைச் சுத்தி மட்டும். அதுக்கப்புறம் ஆறு மாசம் வைத்தியம் இருக்கு."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"போன மாசம் மூணாந்தேதி."

"ஒரு மாசமா!" என்றார் காதுக்காரர். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. முன்கூட்டி அறிவிக்காமல் கத்தினார். "கட்டி வந்தா அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒரு மாசமா என்னை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே வெளியில நிறுத்திட்டீங்களே! பதினாறு வயசுப் புள்ளைக்குச் சொல்லியிருக்கீங்க. எனக்குச் சொல்லல. நான் உன் புருஷனா, இல்ல உன் கடைசிப் புள்ளையா?"

"அப்பா..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பாப்பா. நான் அழுவேன், இல்லேங்கல. அழுதா கால் நின்னு போயிடுமா? அழுதுக்கிட்டே நடப்பேன். நானும் வருவேன்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் வராமல்தான் வைத்தார். கை அதற்கே பழகியிருந்தது.

"நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கூட வந்தா உங்களையும் சேர்த்து நான்தானே பாத்துக்கணும்? நீங்க சாப்பிட்டீங்களா, உங்களுக்குத் தலை வலிக்குதா, அங்க லைட்டு உங்களுக்கு ஒத்துக்குதான்னு நான்தானே யோசிக்கணும்? எனக்கு அதுக்குத் தெம்பு இல்லீங்க. இந்த ஒரு தடவை எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

பதினெட்டு வருஷத்தில் அவர் கேட்ட எல்லாச் சத்தத்தையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு வலித்திருக்காது. ஏனென்றால் அது உண்மை. மனைவியைத் தாங்குகிற இடத்தில் அவர் ஒரு நாளும் நின்றதில்லை. அவரை யாரும் நிற்க விட்டதும் இல்லை, அவர் நிற்க முயன்றதும் இல்லை. "ஒரு நாள் பாரு. உனக்குப் பாரமா இருந்தா நானே வெளியில போயிடறேன். யாரும் சொல்ல வேண்டாம்," என்றார். மனைவி நோட்டை மூடித் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். மச்சான்தான், "எதுக்கும் நானும் கூட இருக்கேன்," என்று இடியை அடக்கிச் சொன்னார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். ஆறு கட்டில் போட்ட பெரிய அறை. காதுக்காரருக்கு அது பேருந்து நிலையத்தைவிட மோசமாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, மருந்து நெடி, யாரோ இருமுவது, யாரோ முனகுவது, இரும்புத் தட்டு விழுவது, நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலிபெருக்கியில் டாக்டர் பெயர். தள்ளுவண்டி ஒன்று போகும்போதெல்லாம் அதன் முன் சக்கரத்து பேரிங் உலர்ந்து போய்க் கத்தியது. கொஞ்சம் எண்ணெய் கிடைத்தால் தானே போட்டுவிடலாம் என்று அவருக்குக் கை பரபரத்தது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை எழுந்து மாடிப்படிக்குப் போய், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு தடவையும் எதுவும் விளக்கம் சொல்லவில்லை. மனைவியிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கையோடு கொண்டு வந்திருந்த ரொட்டியைத் தானே எடுத்துத் தின்றுகொண்டார்.

நர்ஸ் காகிதத்தோடு வந்தார். "கூட இருக்கப் போறது யாரு?"

"நான்தான்ம்மா," என்று மச்சான் எழுந்தார். பாவம், அவர் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

"நான். புருஷன்," என்றார் காதுக்காரர். கண்ணீர் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

நர்ஸ் தயங்கினார். "சார், நீங்களே அழுதுக்கிட்டிருக்கீங்களே."

"ஆமாம்மா. அது பாட்டுக்கு வரும். எங்க கையெழுத்துப் போடணும்?"

நர்ஸ் காட்டிய இடத்தில் போட்டார். எழுத்து கோணலாக இருந்தாலும் இடம் சரியாக இருந்தது. மச்சான் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "மருந்துக் கடைப் பக்கம் போய்ட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பதினொரு மணிக்கு ஆபரேஷன். பத்தரைக்கு மனைவிக்கு நீல அங்கி போட்டு, வளையலைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். மனைவி எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, கடைக்கு வந்தால் சரி செய்து தருகிறேன் என்றார். பக்கத்துக் கட்டில் பெண்மணியிடம் மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். புருஷனைப் பார்த்து, "உங்களுக்கு லைட்டு கண்ணைக் கூசுதா? அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்," என்றார்.

காதுக்காரர் திரும்பவில்லை. கண்ணை மூடினார். பஞ்சறையில் கேட்கிற மாதிரி கேட்டார். இருமலையும் ஒலிபெருக்கியையும் ஒதுக்கிவிட்டு, மனைவியின் குரலை மட்டும் பதினைந்து எண்ணும் வரை கேட்டார். வழக்கமான குரலைவிட ஒரு நூல் மேலே போயிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மூச்சு பாதியில் நின்றது.

"யாருக்காகச் சிரிக்கிற?" என்று கேட்டார்.

"என்னது?"

"நீ பயந்து போயிருக்க. எனக்குக் கேக்குது. யாருக்காகச் சிரிக்கிற?"

மனைவி அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு அழுகை. மெல்லிய அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, ஆறு கட்டிலும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதார். காதுக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டிலுள்ள ஒவ்வொரு சத்தமும் அவருக்கு மனப்பாடம். கதவு, குழாய், சைக்கிள், மகளின் செருப்பு. இந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. தன் மனைவி எப்படி அழுவாள் என்பது நாற்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நீ அழுததே இல்லையே," என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"அழுதிருக்கேன்," என்றார் மனைவி, மூச்சுக்கு மூச்சு விக்கிக்கொண்டே. "எங்கம்மா போனப்ப அழுதேன். ரெண்டாவது தங்காமப் போச்சே, அப்ப அழுதேன். குளிக்கிற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். நீங்க ஒரு நாள், பக்கெட்டுல தண்ணி விழற சத்தம் தாங்கலைன்னு சொன்னீங்க. அன்னிக்குத்தான் குழாய் வாயில துணி கட்டினேன். அதுக்கப்புறம் தண்ணி சத்தமில்லாம விழுந்துது. அதுலேர்ந்து அழவும் முடியல."

அந்தத் துணி அவருக்குத் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரி என்று அதற்காக மனைவியை நாலு பேரிடம் பாராட்டியிருக்கிறார்.

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். காதுக்கு நேராக. இரண்டு காதிலும் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை, காதைப் பொத்தவில்லை, தலையைக்கூட அந்தப் பக்கம் சாய்க்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பெண்மணி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னங்க, ரொம்ப அழுவுறாங்களே. நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் காதுக்காரர். "அழட்டும். நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."